கிச்சனில் பிறந்த ஹெட்போன்: நத்தேனியல் பால்ட்வின் கோட்டைவிட்ட காப்புரிமை

ஆன்லைன் தள்ளுபடி நேரத்தில் 1,500 ரூபாய்க்கு ஹெட்போன் தேடினால், திரை முழுக்க வரிசைகட்டி நிற்கும். விலை ஒன்று, தோற்றமும் கிட்டத்தட்ட ஒன்று. எதை எடுப்பது என்று தெரியாமல் ரிவ்யூக்களுக்குள் போனால், இரண்டு விஷயங்கள்தான் மாறி மாறி வரும். சவுண்டு எப்படி இருக்கிறது? எவ்வளவு நேரம் வலிக்காமல் போட்டிருக்க முடிகிறது?

பாட்டு செமையாகக் கேட்கிறது, ஆனால் ஒரு மணி நேரத்தில் காது சூடாகிவிடுகிறது என்று ஒருவர் எழுதியிருப்பார். மெத்தை மாதிரி இருக்கிறது, ஆனால் பேஸ் சுத்தமாக இல்லை என்று இன்னொருவர் புலம்பியிருப்பார்.

இந்தப் பஞ்சாயத்து புதுசு இல்லை. 1910-லேயே அமெரிக்கக் கடற்படை ஒரு ஹெட்போனை இதே இரண்டு கேள்விகளோடு சோதித்துப் பார்த்தது. சவுண்டில் ஃபுல் மார்க். கம்ஃபர்ட்டில் ஃபெயில்.

அதைச் செய்தவர் பெயர் நத்தேனியல் பால்ட்வின். அந்த ஃபெயிலைச் சரிசெய்ய அவர் போட்ட தலைப்பட்டை டிசைன், நூறு வருடங்களுக்குப் பிறகும் கிட்டத்தட்ட அப்படியே நம் தலையில் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் அதற்கு மட்டும் அவர் காப்புரிமை வாங்கவில்லை. அது ஒரு பெரிய விஷயமே இல்லை என்று நினைத்துவிட்டார்.

யார் இந்த பால்ட்வின்? என்ன ஆனார்?

பால்ட்வினுக்கு முன்னால் என்ன இருந்தது?

காதில் மாட்டிக் கேட்கும் கருவிகள் பால்ட்வினுக்கு முன்பே இருந்தன. 1880-களில் அமெரிக்காவில் எஸ்ரா கில்லிலாண்ட் என்பவர் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் ஆபரேட்டர்களுக்காக ஒரு கருவி வடிவமைத்தார். ஒற்றைக் காதுக்கு மட்டும் ஒலி. முழுப் பாரமும் தோளில். எடை நாலரை கிலோவுக்கும் மேல். நாள் முழுக்க அதைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு வேலை பார்க்க வேண்டும்.

1891-இல் பிரான்ஸைச் சேர்ந்த எர்னஸ்ட் மெர்காடியே அதற்கு நேர் எதிர்த் திசையில் போனார். காதுக்குள்ளேயே செருகிக்கொள்ளும் அளவுக்குச் சின்னதாக ஒரு ரிசீவர் செய்தார். எடை சுமார் 50 கிராம். காதில் உரசாமலிருக்க ரப்பர் உறையும் போட்டார். இன்றைய இயர்போனின் தாத்தா என்று இதைச் சொல்லலாம்.

1895-இல் லண்டனில் எலக்ட்ரோபோன் என்ற சேவை தொடங்கியது. நாடகம், கச்சேரி, தேவாலயப் பிரசங்கம் எல்லாம் டெலிபோன் கம்பி வழியாக வீட்டுக்கே வரும். ஆனால் கேட்கும் கருவியைத் தலையில் மாட்ட முடியாது. கீழே ஒரு கைப்பிடி இருக்கும். அதைப் பிடித்தபடி காதோடு சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு முழு நாடகத்துக்கும் கையை இறக்காமல் உட்கார்ந்திருப்பதைக் கற்பனை செய்து பாருங்கள்.

ஆக, ஒன்று பாரம். இல்லையென்றால் கைவலி. இரண்டு காதிலும் தெளிவாகக் கேட்க வேண்டும், கை இரண்டும் ஃப்ரீயாக இருக்க வேண்டும், மணிக்கணக்கில் தாங்க வேண்டும். மூன்றும் சேர்ந்த ஒரு பொருள் அப்போது இல்லை.

சைக்கிள் செய்த சிறுவன்

நத்தேனியல் பால்ட்வின் 1878 டிசம்பர் 1 அன்று அமெரிக்காவின் யூட்டா பகுதியில் ஃபில்மோர் என்ற சின்ன ஊரில் பிறந்தார். யூட்டா அப்போது தனி மாநிலமாகக்கூட ஆகவில்லை. அந்த அந்தஸ்து 1896-இல்தான் கிடைத்தது. ஊர் முழுக்க மார்மன் கிறிஸ்தவ சபையைச் சேர்ந்த குடும்பங்கள். பால்ட்வின் குடும்பமும் அதில் ஒன்று.

சின்ன வயதிலேயே கையில் கிடைத்ததை வைத்து எதையாவது செய்துகொண்டே இருக்கும் ரகம். கடையில் வாங்க வழியில்லாத சைக்கிளைத் தானே செய்தார். நீராவி இன்ஜினும் செய்து பார்த்தார். பிறகு யூட்டாவிலேயே கல்லூரிப் படிப்பு, அங்கிருந்து கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம். ஸ்டான்ஃபோர்ட் என்றதும் நமக்கு ஸ்டார்ட்அப் ஞாபகம் வரும். அந்தக் காலத்தில் அது தொடங்கி பத்துப் பன்னிரண்டு வருடங்களே ஆன புதுக் கல்லூரி.

படிப்பு முடித்துத் திரும்பியவர், யூட்டாவின் ப்ரோவோ நகரில் சபை நடத்திய பிரிகம் யங் கல்வி நிறுவனத்தில் ஆசிரியரானார். இயற்பியலும் இறையியலும் சொல்லிக்கொடுத்தார். அறிவியலும் மதமும் அவருக்குத் தனித்தனி அறைகள் இல்லை. கடைசிவரை இரண்டும் ஒன்றாகவே ஓடின. அவரை உயர்த்தியதும் அதுதான், சாய்த்ததும் அதுதான்.

வேலையைப் பறித்த நம்பிக்கை

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னணி தெரிய வேண்டும். மார்மன் சபையில் 19-ஆம் நூற்றாண்டில் பலதார மணம் வழக்கத்தில் இருந்தது. அமெரிக்க அரசு அதைக் கடுமையாக எதிர்த்தது. 1890-இல் சபைத் தலைமை அந்த வழக்கத்தைக் கைவிடுவதாக அறிவித்தது. 1904-இல் இன்னொரு அறிவிப்பு வந்தது. இனி யாராவது அப்படித் திருமணம் செய்தால் சபையிலிருந்தே நீக்கப்படுவார்கள் என்று அது கறாராகச் சொன்னது.

பால்ட்வின் இந்த மாற்றத்தை ஏற்கவில்லை. பழைய போதனையே சரி என்று நம்பினார், அதை வெளிப்படையாகவும் சொன்னார். சபை நடத்தும் கல்லூரியில் வேலை பார்த்துக்கொண்டு சபை முடிவையே எதிர்த்தால் சும்மா விடுவார்களா? 1905-இல் வேலை போனது.

இருபத்தாறு, இருபத்தேழு வயது. பெரிய பட்டம் கையில். ஆசிரியர் வேலை இல்லை. சால்ட் லேக் சிட்டியை ஒட்டிய மலைப்பகுதியில், நீர்மின் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். மிச்ச நேரத்தில், வீட்டில், ஒரு பழைய எரிச்சலைத் தீர்க்கும் வேலையில் இறங்கினார்.

பிரசங்கம் காதில் விழவில்லை

அந்த எரிச்சல் தொடங்கிய இடம் ஒரு வழிபாட்டு அரங்கம். சால்ட் லேக் டேபர்னக்கிள் என்ற அந்த மண்டபம் 1867-இல் திறக்கப்பட்டது. கவிழ்த்துப் போட்ட படகு மாதிரி பெரிய கூரை. ஆயிரக்கணக்கானோர் உட்காரலாம். மைக், ஸ்பீக்கர் எதுவும் இல்லாத காலம். அங்கே நடந்த ஒரு பெரிய மாநாட்டில் கூட்டத்தின் சத்தத்தில் பிரசங்கம் சரியாகக் காதில் விழவில்லை. பால்ட்வினுக்கு அது உறுத்தியது.

ஒலியைப் பெரிதாக்க முடியுமா? முதலில் அழுத்தப்பட்ட காற்றை வைத்து முயன்றார். மெல்லிய ஒலியால் காற்றின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தி, அதையே பெரிய ஒலியாக்கும் யோசனை அது. அதற்கு, மிகச் சின்ன மின் சிக்னலையும் தவறவிடாமல் பிடிக்கும் ஒரு டெலிபோன் ரிசீவர் தேவைப்பட்டது. காற்று யோசனை அவர் நினைத்த அளவுக்குப் போகவில்லை. ஆனால் அதற்காகச் செய்த ரிசீவர் எதிர்பாராத அளவுக்கு நன்றாக வேலை செய்தது.

அப்படி என்ன புதுசு?

அந்தக் காலத்து சாதாரண டெலிபோன் ரிசீவர் எப்படி இயங்கும் என்று முதலில் பார்த்துவிடலாம். ஒரு காந்தம். அதன் மேல் கம்பிச் சுருள். எதிரே மெல்லிய இரும்புத் தகடு. சுருளில் மின்சாரம் ஏறி இறங்கும்போது காந்த விசை கூடிக் குறையும், தகடு அதிரும், ஒலி வரும்.

இதில் ஒரு சிக்கல். காந்தம் தகட்டை எப்போதும் ஒரே பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கும். இழுபட்ட தகடு விறைப்பாக நிற்கும். விறைப்பாக நிற்பதை அசைக்க அதிக சக்தி வேண்டும். தகடு இரும்பாகவே இருந்தாக வேண்டும் என்பதால் எடையும் குறையாது.

பால்ட்வினின் வடிவத்தில் அதிரும் தகடும் இழுபடும் இரும்பும் தனித்தனி. ஒரு சின்ன இரும்புப் பட்டையை நடுவில் தாங்கி, இரண்டு பக்கமும் காந்த முனைகளை வைத்தார். இரண்டு பக்க இழுவிசையும் சமம் என்பதால் பட்டை எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கும். தராசு மாதிரி. துளி மின்சாரம் வந்தாலும் சமநிலை கலைந்து ஒரு பக்கம் சாயும். அந்த அசைவை ஒரு மெல்லிய கம்பி, மைக்கா தகட்டுக்குக் கொண்டுபோகும். மைக்கா என்பது நம் ஊரில் அபிரகம் என்று சொல்லப்படும், ஏடு ஏடாகப் பிரியும் கனிமம். இரும்பைவிட லேசு.

ஒவ்வொரு ரிசீவருக்குள்ளும் ஏறத்தாழ 1.6 கிலோமீட்டர் நீளத்துக்கு முடி போன்ற செப்புக் கம்பி சுற்றப்பட்டிருந்தது. சுற்று அதிகமானால், குறைந்த மின்சாரத்துக்கும் விசை அதிகம்.

இந்த அமைப்புக்குத் தொழில்நுட்ப உலகம் வைத்த பெயர் பேலன்ஸ்டு ஆர்மச்சர். இது மாதிரி யோசனைகள் அதற்கு முன்பும் சிலருக்கு வந்திருந்தன. ஆனால் ரேடியோ உலகில் பெரிய அளவில் புழக்கத்துக்கு வந்தது பால்ட்வினின் வடிவம்தான். இந்த ரிசீவருக்கு 1910-இல் காப்புரிமையும் வாங்கினார்.

ஊதா மையில் வந்த கடிதம்

அதே 1910-இல் அமெரிக்கக் கடற்படைக்கு ஒரு கடிதம் போனது. ரேடியோ வேலைகள் அப்போது கடற்படையின் நீராவிப் பொறியியல் பிரிவின் கீழ் இருந்தன. நீலமும் இளஞ்சிவப்புமான நோட்டுத் தாள். ஊதா மை. அரசு அலுவலகத்துக்கு வரும் கடிதம் மாதிரியே இல்லை. அனுப்பியவர் பால்ட்வின். தான் செய்த ரிசீவர் செட்டைச் சோதித்துப் பார்க்கச் சொல்லியிருந்தார்.

கடற்படைக்கு ஹெட்போன் ஏன் அவ்வளவு முக்கியம்? இன்று ஹெட்போனில் சத்தம் போதவில்லை என்றால் வால்யூமைக் கூட்டுவோம். 1910-இல் கப்பல் ரேடியோவில் வால்யூம் பட்டனே கிடையாது. சிக்னலைப் பெருக்கித் தரும் வால்வு ஆம்ப்ளிஃபையர் இன்னும் புழக்கத்துக்கு வரவில்லை. நூற்றுக்கணக்கான மைல் தாண்டி ஆன்டெனாவில் வந்து விழும் மோர்ஸ் சிக்னலில் எவ்வளவு சக்தி மிச்சமிருக்கிறதோ, அதுவேதான் ஹெட்போனை இயக்க வேண்டும்.

அதாவது, ஹெட்போன் எவ்வளவு நுட்பமானதோ அவ்வளவு தூரத்து சிக்னல் காதில் விழும். கப்பலுக்கு அது உயிர் பிரச்சினை.

சோதனையை நடத்தியவர் லெப்டினன்ட் கமாண்டர் ஆர்தர் ஹெப்பர்ன். பின்னாளில் அட்மிரலாக உயர்ந்தவர். கடிதத்தைப் பார்த்தால் பெரிதாக நம்பிக்கை வராது. ஆனாலும் அவர் செட்டைக் குப்பையில் போடாமல் கேட்டுப் பார்த்தார். கையில் இருந்த மற்ற ரிசீவர்களைவிட இது நன்றாக இருந்தது. கடற்படை ஆர்டர் கொடுக்கத் தயாரானது.

அப்போதுதான் ஒரு விஷயம் தெரியவந்தது. பால்ட்வினிடம் தொழிற்சாலை இல்லை. மின் நிலைய வேலை போக மிச்ச நேரத்தில், வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து கையால் செய்துகொண்டிருந்தார். ஒரு நேரத்தில் 10 செட்டுக்கு மேல் முடியாது என்று பதில் வந்தது.

சவுண்டு பாஸ், கம்ஃபர்ட் ஃபெயில்

கடற்படைக்கு இன்னொரு குறையும் இருந்தது. சவுண்டு பிரமாதம். ஆனால் தலையில் போட்டால் வசதியாக இல்லை.

ரேடியோ ஆபரேட்டரின் வேலையை யோசித்துப் பாருங்கள். ஷிஃப்ட் முழுக்க ஹெட்போனைக் கழற்ற முடியாது. பக்கத்தில் இன்ஜின் சத்தம், அலை சத்தம். கப்பல் ஆடும். ஒரு கை பென்சிலில், இன்னொரு கை ரேடியோவில். ரிசீவருக்குள் காந்தமும் கம்பிச் சுருளும் இருப்பதால் எடையும் உண்டு. அழுத்தம் அதிகமானால் வலி. குறைந்தால் இடைவெளி வழியாக வெளிச் சத்தம் உள்ளே வந்து சிக்னலை விழுங்கிவிடும்.

பால்ட்வின் மறுபடி உட்கார்ந்தார். தலைப்பட்டையை மாற்றினார். தோல் உறை போட்ட இரண்டு வளைகம்பிகள் தலைக்கு மேலே போகும். இரண்டு பக்கமும் அவை ஒற்றைச் சுழல் இணைப்பில் வந்து சேரும். ரிசீவரை மேலே, கீழே நகர்த்தி அவரவர் தலைக்கு ஏற்ப வைத்துக்கொள்ளலாம். காதின் சாய்வுக்கு ஏற்ப அது தானாகத் திரும்பிக்கொள்ளும்.

படித்ததும் கண்முன் வருவது என்ன? இன்றைய ஹெட்போன். கடையில் எதை எடுத்தாலும் இதே அடிப்படைதான். தலைக்கு மேல் வளைவு, நீட்டிச் சுருக்கும் வசதி, திரும்பும் காதுக் கிண்ணம். பிளாஸ்டிக் வந்தது, ஃபோம் வந்தது, ப்ளூடூத் வந்தது. எலும்புக்கூடு மாறவில்லை.

இதற்கும் காப்புரிமை வாங்கச் சொல்லி பால்ட்வினிடம் சொன்னார்கள். அவர் வாங்கவில்லை. அவருக்குக் கண்டுபிடிப்பு என்றால் உள்ளே இருந்த அந்தத் தராசுப் பட்டை. வெளியே இருந்த கம்பி அற்ப விஷயம்.

ஆனால் வளைவு என்பது வெறும் சொகுசு இல்லை. ரிசீவர் காதோடு சரியாகப் பொருந்தினால்தான் உள்ளே இருக்கும் ஒலி முழுசாகக் காதுக்குள் போகும். உள்ளே உலகத் தரமான தராசு இருந்தாலும் காதுக்கும் கிண்ணத்துக்கும் நடுவே இடைவெளி இருந்தால் பாதி வீண். கம்ஃபர்ட் என்று தனியாக மார்க் போடும் விஷயம், உண்மையில் சவுண்டின் மறுபாதி. அந்த மறுபாதியைத்தான் பால்ட்வின் இலவசமாகக் கொடுத்துவிட்டார்.

போர், ரேடியோ, பணம்

ஆர்டர்கள் கூடின. பெரிய அளவில் உற்பத்தி செய்ய வேறு ஊருக்கு வரச் சொல்லி யோசனை வந்தபோதும், பால்ட்வின் யூட்டாவை விட்டு நகர மறுத்துவிட்டார். சால்ட் லேக் சிட்டியின் கிழக்கே மில் க்ரீக் பகுதியில் தொழிற்சாலை தொடங்கினார்.

1914-இல் முதல் உலகப் போர் வெடித்தது. 1917-இல் அமெரிக்காவும் போரில் இறங்கியது. போர்க் கப்பல்களுக்கு ரேடியோ, ரேடியோவுக்கு ஆபரேட்டர், ஆபரேட்டருக்கு ஹெட்போன். பால்ட்வின் ஹெட்போன் கடற்படையில் நம்பகமான பெயரானது.

போர் முடிந்ததும் அடுத்த அலை. 1920 நவம்பரில் பிட்ஸ்பர்க் நகரின் கே.டி.கே.ஏ. நிலையம் ஒலிபரப்பைத் தொடங்கியது. அடுத்த இரண்டு வருடங்களில் அமெரிக்கா முழுக்க ரேடியோ பைத்தியம். சாமானியர்கள் வீட்டில் இருந்தது கிரிஸ்டல் செட். அதற்கு பேட்டரியும் தேவையில்லை, கரண்டும் தேவையில்லை. ஆனால் ஸ்பீக்கரை இயக்கும் சக்தி அதற்குக் கிடையாது. ஹெட்போன் இல்லாமல் எதையும் கேட்க முடியாது. சிக்னல் எவ்வளவு மெலிந்திருந்தாலும் கேட்க வைக்கும் ஹெட்போன் யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும்.

1922-இல் புதிய, பெரிய தொழிற்சாலை எழுந்தது. உச்சத்தில் சுமார் 150 பேர் வேலை பார்த்தார்கள். தொழிலாளர்களுக்கு வீடுகளும் கட்டினார். கல்லூரியிலிருந்து வெளியேற்றப்பட்டவர், பதினேழு வருடங்களில் ஒரு சின்ன ஊரையே உருவாக்கும் முதலாளியாகிவிட்டார்.

கதை இங்கே முடிந்திருந்தால் வழக்கமான சக்சஸ் ஸ்டோரி.

எங்கே சறுக்கியது?

பால்ட்வின் தன் பழைய நம்பிக்கையை விடவில்லை. பலதார மணத்தை ஆதரித்ததால் சபையில் ஒதுக்கப்பட்டவர்கள், வேலை கிடைக்காமல் திண்டாடியவர்கள் பலருக்குத் தன் கம்பெனியில் வேலை கொடுத்தார். சிலருக்கு நிர்வாகத்திலேயே இடம் கிடைத்தது. பின்னாளில் மார்மன் அடிப்படைவாத இயக்கம் என்று அறியப்பட்ட பிரிவின் ஆரம்பகாலத் தலைவர்கள் சிலர் அவருடைய கம்பெனி வட்டத்தில் இருந்தவர்கள்தான். அந்த இயக்கத்துக்கு அவர் பணமும் கொடுத்தார்.

ஒரே வேதனையைப் பட்டவர் என்பதால் அவர்களுக்குக் கைகொடுத்தார் என்று இதைப் புரிந்துகொள்ளலாம். ஆனால் ஒருவரை நம்புவதும், அவர் கையில் கம்பெனியின் பணத்தை ஒப்படைப்பதும் ஒன்றல்ல. ஹெட்போன் சம்பாதித்த பணம் வேறு வேறு முதலீடுகளுக்கும் முயற்சிகளுக்கும் போனது. பல திரும்பி வரவில்லை.

சந்தையும் காத்திருக்கவில்லை. வால்வு ரேடியோ மலிவாகிக்கொண்டே வந்தது. குடும்பமே சுற்றி உட்கார்ந்து கேட்க ஸ்பீக்கர் வந்துவிட்டது. பால்ட்வின் கம்பெனியும் ஸ்பீக்கர் பாகங்கள் செய்தது. ஆனால் நிதி நிலைமை கைமீறிப் போயிருந்தது. 1924-இல் கம்பெனி கடனில் சிக்கி, நீதிமன்றம் நியமித்த நிர்வாகியின் கைக்குப் போனது.

மீண்டு வர அவர் எடுத்த முயற்சிகள் இன்னும் ஆழமான குழியில் தள்ளின. பங்கு விற்பனை தொடர்பாக, தபால் மூலம் மோசடி செய்ததாக வழக்கு. 1930-இல் குற்றவாளி என்று தீர்ப்பு. ஐந்து வருடச் சிறைத் தண்டனை. வாஷிங்டன் மாநிலத்தின் மெக்நீல் தீவில் இருந்த ஃபெடரல் சிறையில் சுமார் இரண்டு வருடங்கள் இருந்துவிட்டு வெளியே வந்தார்.

அவரைச் சுற்றியிருந்தவர்கள் அவருடைய நம்பிக்கையைப் பயன்படுத்திக்கொண்டார்கள் என்று பார்ப்பவர்கள் உண்டு. அதே சமயம், பங்கு வாங்கி நஷ்டப்பட்டவர்களும் அவரை நம்பித்தான் பணம் போட்டார்கள். அந்தப் பொறுப்பு அவருடையது.

வெளியே வந்தபோது கம்பெனியும் இல்லை, காசும் இல்லை. மீதி வாழ்க்கை சால்ட் லேக் பகுதியிலேயே எளிமையாகக் கழிந்தது. 1961 ஜனவரி 19 அன்று, 82 வயதில் இறந்தார்.

அவர் இறப்பதற்கு மூன்று வருடங்களுக்கு முன்பு, 1958-இல், மில்வாக்கி நகரில் ஜான் காஸ் என்பவர் பாட்டுக் கேட்பதற்கான ஸ்டீரியோ ஹெட்போனை அறிமுகப்படுத்தினார். அதுவரை ஆபரேட்டர்கள், பைலட்டுகள், ரேடியோ ஆட்கள் கையில் இருந்த பொருள் சாமானிய ரசிகனின் வரவேற்பறைக்கு வந்தது. இரண்டு கிண்ணங்கள், நடுவே தலைக்கு மேல் ஒரு வளைவு. 1979-இல் வாக்மேன் வந்தபோது அதே வளைவு மெலிந்து தெருவுக்கே வந்துவிட்டது. பால்ட்வின் குடும்பத்துக்கு அந்த வளைவால் எதுவும் வரவில்லை.

இன்று அவர் எங்கே இருக்கிறார்?

இரண்டு இடங்களில். ஒன்று, மேலே சொன்ன தலைப்பட்டை. இன்னொன்று, இயர்போனுக்குள்.

இன்று ஹெட்போன்களில் பெரும்பாலும் இருப்பது டைனமிக் டிரைவர். 1937-இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனம் கொண்டுவந்த டிடி 48 மாடல்தான் இந்த வகையின் முன்னோடி. இதில் கம்பிச் சுருளே தகட்டோடு ஒட்டிக்கொண்டு அசையும். பேஸ் நன்றாக வரும், செய்வதும் மலிவு. பட்ஜெட் ஹெட்போன்களில் இதுவே ராஜா.

பால்ட்வினின் பேலன்ஸ்டு ஆர்மச்சர் மறைந்துவிடவில்லை. அரிசி, பருப்பு அளவுக்குச் சுருங்கி, காது கேளாதோருக்கான செவித்துணைக் கருவிகளுக்குள் போனது. மேடைப் பாடகர்கள் காதில் செருகும் மானிட்டர்களுக்குள் போனது. இப்போது சில ஆயிரம் ரூபாய் இயர்போன்களிலும் ஹைப்ரிட் டிரைவர் என்ற பெயரில் டைனமிக்கோடு கூட்டணி வைத்து வருகிறது. பேஸை டைனமிக் பார்த்துக்கொள்ளும், குரலும் மேல் ஸ்தாயியும் ஆர்மச்சர் பொறுப்பு.

பட்ஜெட் ஹெட்போன் வாங்கும்போது கடற்படை டெஸ்ட்

1910-இல் கடற்படை செய்த மாதிரி, இரண்டையும் சேர்த்தே சோதித்துப் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம்.

சவுண்டை ஒப்பிடும்போது இரண்டிலும் ஒரே பாட்டு, ஒரே அளவு சத்தம். இது முக்கியம். கொஞ்சம் சத்தமாகக் கேட்பது எப்போதுமே நல்லதாகத் தோன்றும். பல நேரம் இதுதான் நல்லா இருக்கு என்று நாம் சொல்வது, இதில்தான் சத்தம் அதிகம் என்பதைத்தான். நன்றாகப் பழகிய பாட்டாக எடுத்துக்கொள்ளுங்கள். குரல் முன்னால் நிற்கிறதா, பேஸ் அதை மூழ்கடிக்கிறதா என்று கவனியுங்கள்.

கம்ஃபர்ட்டை இரண்டு நிமிடத்தில் முடிவு செய்ய முடியாது. குறைந்தது அரை மணி நேரம் போட்டிருக்க வேண்டும். கண்ணாடி போடுபவர்கள் கண்ணாடியோடு போட்டுப் பாருங்கள். காது மடல் முழுக்கக் கிண்ணத்துக்குள் அடங்குகிறதா, உச்சந்தலையில் ஒரே புள்ளியில் அழுத்துகிறதா, கிண்ணம் காதின் சாய்வுக்குத் திரும்புகிறதா என்று பாருங்கள். இதெல்லாம் பால்ட்வின் 1910-களில் தீர்த்த விஷயங்கள். இன்றும் மலிவு மாடல்களில் முதலில் கைவைப்பது இங்கேதான்.

பேஸ் இல்லை என்று தோன்றினால், உடனே டிரைவரைக் குறை சொல்லாமல் கிண்ணத்தைக் கையால் லேசாக அழுத்திப் பாருங்கள். அழுத்தியதும் பேஸ் வந்துவிட்டால் பிரச்சினை டிரைவரில் இல்லை, பொருத்தத்தில். கண்ணாடிக் காம்பு உண்டாக்கும் சின்ன இடைவெளியே பேஸைக் கசிய விடும். இயர்பட்ஸ் என்றால், பெட்டியில் கூட வரும் வேறு சைஸ் ரப்பர் முனைகளை மாற்றிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பொருத்தம் சரியாக இருந்தால் இன்னொரு லாபம். வெளிச் சத்தம் உள்ளே வராது. பஸ்ஸிலும் ரயிலிலும் அதை ஜெயிக்க வால்யூமைக் கூட்ட வேண்டியதில்லை. பெரியவர்களுக்கு 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பாதுகாப்பான வரம்பு. சத்தம் கூடக் கூட அந்த நேரம் வேகமாகக் குறையும்.

மில் க்ரீக்கில் பால்ட்வின் கட்டிய தொழிற்சாலைக் கட்டடம் இடிக்கப்படவில்லை. இன்று அதில் ஓவியர்களும் கலைஞர்களும் ஸ்டூடியோ வைத்திருக்கிறார்கள். பெயர் மட்டும் இன்னும் பால்ட்வின் ரேடியோ ஃபேக்டரி.